சூரியனின் கொள்ளுப்பேரன்

பூரண சந்திர கிரகணத்தின்போது, பூமியின் நிழல் சந்திர பிம்பத்தை முற்றிலும் கவ்விக்கொள்ள, அது தேய்க்காத செப்புத் தட்டைப்போல மங்கிச் சிவந்து தொங்கும் அந்தச் சிறிது நேரத்தில், ஊரெல்லாம் சந்திரனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சந்திரனை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைத் தேடிய மனிதர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க வானநூலாரான வில்லியம் பிக்கரிங்கும் எட்வர்ட் எமர்சன் பார்னார்டும் இப்படிப்பட்ட கிரகணங்களில் புகைப்படத் தகடுகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சந்திரனையே மையமாகக் கொண்டு சுற்றிவரும் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளி ஒன்று தகட்டில் விழாதா என்பதே அவர்களுடைய ஆவல்.

கிரகணத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. மற்ற இரவுகளில் சந்திரனுடைய பிரகாசமே அதன் அருகிலுள்ள மங்கலான பொருள்களை மறைத்துவிடும். கிரகணத்தில் அந்தப் பிரகாசம் அவிந்துவிடுகிறது. அதே சமயத்தில், சந்திரன் இருக்குமிடத்தில் பூமியின் கருநிழல் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் அகலமே உடையதாதலால், சந்திரனிலிருந்து சற்றுத் தள்ளிச் சுற்றுகிற துணை ஒன்று இருக்குமானால், அது நிழலுக்கு வெளியே சூரிய ஒளியில் நனைந்தபடி, விளக்கணைந்த வீட்டின் வாசலில் மின்மினி நிற்பதுபோலத் தனித்துத் தெரியும். அவ்வளவு நேர்த்தியான உபாயத்துக்கும் அன்று பலன் கிட்டவில்லை. தகடுகளில் நட்சத்திரங்கள் விழுந்தன. சந்திரனின் குழந்தை விழவில்லை.

சூரியனைக் குடும்பத் தலைவன் என்று வைத்துக்கொண்டால், கிரகங்கள் அவனுடைய பிள்ளைகள். கிரகங்களைச் சுற்றும் உபகிரகங்கள் பேரப்பிள்ளைகள். உபகிரகத்தையே சுற்றும் ஓர் உருண்டை இருக்குமானால், அதுதான் கொள்ளுப்பேரன். பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பத்தில் குறைவில்லை. சனி ஒன்றுக்கே 270-க்கு மேற்பட்டவை கணக்கில் வந்திருக்கின்றன. ஆனால் இயற்கையாகப் பிறந்த கொள்ளுப்பேரன் ஒருவனைக்கூட இன்றுவரை யாரும் கண்டதில்லை. இது ஏன் என்ற கேள்வியை 2014-ஆம் ஆண்டில், ஜூனா கோல்மையர் என்ற அமெரிக்க வானநூல் அறிஞரிடம் அவருடைய சிறு மகனே கேட்டான்: சந்திரனுக்குச் சந்திரன் இருக்க முடியுமா என்று. குழந்தைகள் கேட்கிற கேள்விகளில் எத்தனையோ பெரியவர்களின் புன்சிரிப்போடு மறைந்துபோகின்றன. அந்தத் தாயோ அதைக் கணக்காக எடுத்துக்கொண்டு, ஃபிரான்ஸ் தேசத்தில் பணிபுரியும் ஷான் ரேமண்டோடு சேர்ந்து ஆராய்ந்து, 2019-இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரையின் விடையை அறியுமுன், ஆகர்ஷண சக்தியின் நடைமுறை ஒன்றை நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

சந்திரனைப் பூமி இழுக்கிற விசையைக் காட்டிலும் சூரியன் இழுக்கிற விசை இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று சொன்னால், கேட்பவர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள். ஆனால் அது கணக்கிட்டுப் பார்த்த உண்மை. அப்படியிருந்தும் சந்திரன் நம்மை விட்டுச் சூரியனோடு போய்விடாமல் இருப்பதற்குக் காரணம், சூரியன் சந்திரனை மட்டுமன்றிப் பூமியையும் கிட்டத்தட்ட அதே அளவு இழுத்துச் செல்வதுதான். ஆற்று வெள்ளத்தில் மெல்லிய கயிற்றால் பிணைத்த இரண்டு கட்டைகள் மிதந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் எவ்வளவு வேகமாயிருந்தாலும் இரண்டையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகுமட்டும் கயிற்றுக்கு ஆபத்தில்லை. ஒரு கட்டை நடு ஆற்றிலும் மற்றது கரையோரத்திலுமாக விலகி, நீரோட்டம் ஒன்றை ஒருவிதமாகவும் மற்றதை வேறுவிதமாகவும் தள்ளத் தொடங்கும்போதுதான் கயிறு தெறிக்கிறது. வானத்திலும் இப்படியே. பெரியவனுடைய இழுப்பின் அளவு ஒரு பொருட்டன்று. சிறியவர்கள் இருவர்மீதும் அந்த இழுப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதே அவர்களுடைய உறவின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கோளுக்கும் அதைச் சுற்றி ஓர் ஆதிக்க எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அகப்பட்டது அதன் குடிமகன்; வெளியே போனது பெரியவனின் சொத்து. இந்த எல்லைக்கு அமெரிக்கக் கணித மேதை ஜார்ஜ் வில்லியம் ஹில் என்பவரின் பெயர் வழங்குகிறது. மாலுமிகளுக்கான பஞ்சாங்கத்தைக் கணிக்கும் அரசாங்க அலுவலகத்தைச் சேர்ந்த அவர், பெரும்பாலும் தம் கிராமத்து வீட்டிலேயே அமர்ந்து சந்திரனின் கதியை ஆராய்ந்து, 1878-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கான கணிதம் அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கின்படி பூமியின் ஆதிக்கம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வரை எட்டுகிறது. 3,84,400 கிலோமீட்டரில் இருக்கும் சந்திரன் அதற்குள் பத்திரமாக அடங்கிவிடுகிறது. சந்திரனுடைய சொந்த ஆதிக்கமோ சுமார் 60,000 கிலோமீட்டர். எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு எப்போதும் ஆபத்து உண்டாதலால், நெடுங்காலம் ஸ்திரமாக வாழ வேண்டுமானால் அந்த எல்லையின் உட்புற மூன்றிலொரு பாகத்துக்குள், அதாவது சந்திரனின் மையத்திலிருந்து ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். பூமியின் குறுக்களவைப்போல ஒன்றரை மடங்குள்ள அந்த இடம், ஒரு சிறு கோள் சுற்றிவருவதற்கு அற்பமான இடமன்று.

ஆக, இடம் இருக்கிறது. விதியும் தடுக்கவில்லை. பின் ஏன் அங்கே ஒருவரும் இல்லை?

இதற்கு விடை, நம்மில் ஒவ்வொருவரும் குழந்தைப் பருவம் முதல் கண்ணால் பார்த்துவரும் ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்த நாளில், நிலாவுக்குள் இருக்கும் முயலை என் பாட்டி எனக்குக் காட்டினாள். அந்த முயலின் காது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நான் கண்டுகொள்ளும்வரை அவள் விரல் ஆகாயத்திலேயே நின்றது. அவளுக்கு அவளுடைய பாட்டி காட்டிய முயலும் அதுவே. எத்தனையோ தலைமுறைகள் வந்து போயும், அந்த முயல் ஒருநாளும் மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ளவில்லை. சந்திரன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் காலமும் பூமியை ஒருமுறை வலம் வரும் காலமும் ஒன்றே, 27 நாளும் சில மணி நேரமும் ஆகையால், அது எப்போதும் தன் ஒரே முகத்தை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆதியில் இது இப்படி இருக்கவில்லை. பூமியின் இழுப்பு சந்திரனுடைய பாறையுடலைப் பிசைந்து பிசைந்து, அதன் சுழற்சியைத் தணித்து, இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பெரிய உபகிரகங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் தத்தம் கிரகங்களால் நேர்ந்த கதி இதுவே. முயல் நமக்கு எப்போதும் தெரிவதற்கு எது காரணமோ, அதுவேதான் சந்திரன் பிள்ளையில்லாமல் இருப்பதற்கும் முக்கிய காரணம்.

எவ்வாறு என்று பார்ப்போம். சந்திரனின் இழுப்பால் பூமியில் கடல் பொங்குகிறது. கடல் மட்டுமல்ல, நிலமும் சிறிதளவு புடைக்கிறது. பூமி 24 மணி நேரத்தில் விரைந்து சுழல்வதால், அந்தப் புடைப்பு சந்திரனுக்கு நேராக நிற்காமல் சற்று முன்னால் தள்ளிப்போகிறது. முன்னே நிற்கும் அந்தப் புடைப்பு சந்திரனை முன்னோக்கி இழுத்து ஊக்கம் தருவதால், சந்திரன் வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அப்பல்லோ யாத்திரிகர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்து கண்ட கணக்கு இது. இப்போது இதையே தலைகீழாக எண்ணிப் பாருங்கள். சந்திரனின் மையத்திலிருந்து 10,000 கிலோமீட்டர் தூரத்தில் அதற்கு ஒரு துணை இருக்குமானால், அது 25 மணி நேரத்தில் சந்திரனை ஒருமுறை சுற்றிவிடும். சந்திரனோ தன்னைச் சுற்றிக்கொள்ள 27 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. துணை ஓடுகிற ஓட்டத்துக்குச் சந்திரனின் பாறை ஈடுகொடுத்துப் புடைக்க முடியாமல், புடைப்பு எப்போதும் ஓர் அடி பிந்தியே நிற்கும். பிந்தி நிற்கும் புடைப்பு துணையைப் பின்னுக்கு இழுக்கும்; அது ஊக்கம் இழந்து உள்ளே சரியும்; சரியச் சரிய இழுப்பு வலுக்கும்; முடிவில் ஒருநாள் சந்திரனுடைய மண்ணிலேயே வந்து விழும்.

துணை உள்ளே சரியாமலிருக்க வேண்டுமானால், அது சந்திரன் சுழலும் வேகத்துக்கு மேற்படாத நிதானத்தோடு சுற்றவேண்டும். அதாவது 27 நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும்படி மிகத் தொலைவில் இருக்கவேண்டும். அந்தத் தொலைவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 88,000 கிலோமீட்டர் என்று வருகிறது. சந்திரனின் ஆதிக்க எல்லையோ 60,000 கிலோமீட்டரோடு முடிந்துவிட்டது! பிழைக்கத்தக்க இடம் முழுவதும் அயலான் நிலத்தில் கிடக்கிறது. இது சந்திரனுக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் என்று எண்ணவேண்டாம். ஒரே முகம் காட்டிச் சுற்றும் எந்த உபகிரகத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் நிறை என்னவாயிருந்தாலும், தூரம் என்னவாயிருந்தாலும், அந்தப் பிழைக்கும் தூரம் அதன் ஆதிக்க எல்லையைப்போல 1.44 மடங்காகவே, அதாவது மூன்றின் கனமூலமாகவே, வந்து நிற்கும். இந்தக் கணக்கை முதன்முதல் காகிதத்தில் போட்டுப் பார்த்து, நிறைகளும் தூரங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோய், அந்த ஒற்றை எண் மட்டும் மிஞ்சி நின்றதைக் கண்ட இரவு எனக்கு மறக்கவில்லை. அண்டத்தில் எந்த மூலையில் எந்த உபகிரகம் தன் கிரகத்துக்கு முகம் கட்டுப்பட்டு நின்றாலும், அந்தக் கணமே அதன் துணைகளெல்லாம் உள்நோக்கிய பாதையில் ஏறிவிடுகின்றன.

இந்தச் சரிவைக் கண்கூடாகக் காண விரும்புவோர் செவ்வாயைப் பார்க்கலாம். 1877-இல் ஆசஃப் ஹால் கண்டுபிடித்த ஃபோபோஸ் என்னும் உபகிரகம், செவ்வாயின் ஒரு நாள் முடிவதற்குள் அதை மூன்று முறை சுற்றிவிடுகிறது. அதனால் அது நூறு வருஷத்துக்குச் சுமார் இரண்டு மீட்டர் வீதம் செவ்வாயை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில கோடி வருஷங்களில் அது உடைந்து வளையமாகவோ, விழுந்து பள்ளமாகவோ முடியும். மெல்லச் சுழலும் புதனுக்கும் சுக்கிரனுக்கும் சந்திரனே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆயினும் சரிவு என்றாலே உடனடி மரணம் என்று கொள்ளலாகாது. சரியும் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. துணையின் நிறை பாதியானால் அதன் ஆயுள் இரட்டிக்கிறது. தூரம் இரட்டித்தாலோ, ஆயுள் தொண்ணூறு மடங்காகப் பெருகுகிறது. ஆகவே மிகச் சிறிய உருவமும், தாயிடமிருந்து மிகத் தள்ளிய இருப்பும், தாய்க்கோ விசாலமான ஆதிக்கமும் அமையுமானால், சூரிய குடும்பத்தின் வயதான 450 கோடி வருஷங்களையும் ஒரு கொள்ளுப்பேரன் கடந்து நிற்கலாம். கோல்மையரும் ரேமண்டும் கண்ட முடிவு இதுதான். பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள சிறு கோள் ஒன்று, ஆயிரம் கிலோமீட்டர் அளவுள்ள பெரிய உபகிரகத்தைச் சுற்றி, அந்த உபகிரகமும் தன் கிரகத்திலிருந்து மிக விலகி இருக்குமானால், பிழைத்திருக்க இடமுண்டு. நம் குடும்பத்தில் இந்த லட்சணங்கள் பொருந்தியவையாக அவர்கள் கண்டவை நான்கே: வியாழனின் கலிஸ்டோ, சனியின் டைட்டன், அதே சனியின் ஐயாப்பிட்டஸ், நான்காவதாக நம் சொந்தச் சந்திரன்.

நம் சந்திரன் இந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்ததும் உண்டான மகிழ்ச்சியோடு, பின் ஏன் அதற்குத் துணை இல்லை என்ற கேள்வி கூர்மையாகிறது. இதற்குச் சந்திரனின் பிறப்பைத்தான் நோக்கவேண்டும். செவ்வாயளவுள்ள ஒரு பொருள் இளம் பூமியில் மோதிச் சிதறிய துண்டுகளிலிருந்து சந்திரன் உருவாயிற்று என்பது இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கொள்கை. அப்போது அது பூமிக்கு மிக அருகில், இன்றைய தூரத்தில் பதினைந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன இடத்தில் இருந்தது. 25,000 கிலோமீட்டரில் இருந்ததென்று கொண்டால், அதன் ஆதிக்கம் மையத்திலிருந்து 4,000 கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. அதிலும் சந்திரனின் உடலே 1,737 கிலோமீட்டரை அடைத்துக்கொள்கிறது. தவழும் குழந்தைக்குத் திண்ணைகூட இல்லாத வீடு அது. சந்திரன் விலகி விலகி விசாலமான வீட்டுக்குக் குடிவந்தபோது, பிறப்பிலேயே கூட வந்த துணை எதுவும் எஞ்சியிருக்கவில்லை; வழியோடு போனவற்றில் எதையும் பிடித்து நிறுத்திக்கொள்ளவும் வாய்க்கவில்லை.

இயற்கை தராததை மனிதன் தந்திருக்கிறான். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி சோவியத் ருஷ்யாவின் லூனா-10 சந்திரனைச் சுற்றத் தொடங்கியபோது, சூரிய குடும்பத்தில் நாம் அறிந்த முதல் கொள்ளுப்பேரன் தோன்றிவிட்டான். இவ்விதக் கருவிகள் ஒரு புதிய பாடத்தையும் கற்பித்தன. சந்திரனின் இருண்ட சமவெளிகளில் சிலவற்றின் அடியில் அடர்ந்த பாறைத் திரட்சிகள் புதைந்திருப்பதும், அவற்றுக்கு மேலே செல்லும் கலம் சற்றுக் கூடுதலாக இழுக்கப்படுவதும் 1968-இல் தெரியவந்தன. அதன் விளைவை 1972-இல் அப்பல்லோ-16 யாத்திரிகர்கள் விட்டுவந்த ஒரு சிறு கருவி அநுபவித்தது. ஏப்ரல் 24-ஆம் தேதி நல்லபடியாகச் சுற்றத் தொடங்கிய அது, மூன்று வாரம் ஆகுமுன்பே தரைக்குப் பத்துக் கிலோமீட்டர் வரை தாழ்ந்து, பிறகு யாரோ தூக்கிவிட்டாற்போல மறுபடி உயர்ந்து, மீண்டும் தாழ்ந்து, 35-ஆம் நாள், 425 சுற்றுகள் சுற்றியபின், மே 29-இல் சந்திரனில் விழுந்து மறைந்தது. ஆகவே தாழ்வான பாதைகளில் சாய்வுக் கோணம் பொருத்தமாக அமைந்தவை சிலவே நீடிக்கும்.

அவ்வாறு நீடித்தவற்றில் ஒன்று நம்முடையது. கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு, 2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1, 2009 ஆகஸ்டு 29-இல் பேச்சற்றுப் போயிற்று. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் அளவேயுள்ள பெட்டி அது. பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது. ஏழு வருஷம் கழித்து, 2016 ஜூலையில், அமெரிக்க விஞ்ஞானிகள் கலிஃபோர்னியாவில் உள்ள 70 மீட்டர் அகலமுள்ள அலைவாங்கியிலிருந்து ரேடார் அலைகளைச் சந்திரனின் வட துருவத்துக்குச் சற்று மேலே பாய்ச்சிக்கொண்டு காத்திருந்தார்கள். துருவங்களைக் கடந்து சுற்றும் கலம் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும்? நான்கு மணி நேரத்தில் இரண்டு தடவை சிறு பொருள் ஒன்று அந்த அலைக்கற்றையைக் கடந்துபோயிற்று. சந்திரயான் தரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இயற்கையான துணையைத் தேடித் தகட்டில் ஏதும் காணாத பிக்கரிங்கும் பார்னார்டும் இதை அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

சந்திரனை விட்டுச் சனியின் பக்கம் போவோம். அங்கே ரியா என்ற உபகிரகத்துக்கு வளையம் இருப்பதாக 2008-இல் ஒரு செய்தி வெளியாகி, இரண்டே வருஷங்களில் காசினி விண்கலம் எடுத்த படங்களில் அப்படி ஒன்றும் காணப்படாமல் பொய்த்துப்போயிற்று. ஆனால் 2004-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஐயாப்பிட்டஸின் அருகே கடந்துசென்ற காசினி காட்டிய காட்சியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 1,470 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்த உருண்டையின் நடுக்கோட்டை ஒட்டி, 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அச்சில் பிடித்த கொழுக்கட்டையின் இடுப்பில், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மாவு பிதுங்கி ஒரு விளிம்பு நிற்குமே, அதைப்போல நிற்கிறது அது. சில இடங்களில் அதன் உயரம் 20 கிலோமீட்டர். எவரெஸ்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

மலைகள் ஒரு கோளத்தின் நடுக்கோட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வளர்வது வழக்கமன்று. உள்ளிருந்து எழுந்த மலை என்பாரும் உண்டு. வானிலிருந்து விழுந்த மலை என்பாரும் உண்டு. பின்னவர் கூற்றின்படி, பழங்காலத்தில் ஏதோ ஒன்று ஐயாப்பிட்டஸில் மோதிச் சிதறிய துண்டுகள் அதன் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வட்டமாகப் பரவின. அருகிலிருந்தவை வளையமாக நின்று சிறுகச் சிறுக உதிர்ந்து மலையாயின. தள்ளியிருந்தவை திரண்டு ஒரு துணைக்கோளாயின. அந்நாளில் ஐயாப்பிட்டஸ் இன்றைப்போல 79 நாளுக்கு ஒரு முறையன்றி, பதினாறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்னும் வேகத்தில் சுழன்றிருக்கக்கூடும் என்பதை அதன் தட்டையான உருவம் காட்டுகிறது. விரைந்து சுழலும் தாய், பிள்ளையை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும் என்பதை நம் சந்திரனின் கதையில் கண்டோம். அந்தத் துணையும் அவ்வாறே விலகி விலகி, தாயின் சுழற்சியைத் தணித்து, முடிவில் சனியின் கையில் அகப்பட்டுப் போயிருக்கலாம் என்று ஹெரால்ட் லெவிசனும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

2007 செப்டம்பர் 10-ஆம் தேதி காசினி இன்னொரு முறை, இம்முறை 1,600 கிலோமீட்டர் அருகே, ஐயாப்பிட்டஸைக் கடந்தது. அப்போது எடுத்த படங்களை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். மலையின் உச்சியிலும் சரிவுகளிலும், அம்மைத் தழும்புபோல வட்டப் பள்ளங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. சில இடங்களில் பள்ளங்கள் மலைமுகட்டையே கடித்து எடுத்திருக்கின்றன. அத்தனை அடி வாங்குவதற்குப் பல நூறு கோடி வருஷங்கள் வேண்டும். மலை அவ்வளவு பழையது. சனியின் குடும்பத்தில் ஒரு கொள்ளுப்பேரன் இருந்தானென்றால், அவன் வந்தது, அந்தப் பள்ளங்களில் முதலாவது விழுவதற்கு முன்பேதான்.